சின்ன எழுத்தில் இருக்கும் எண்: வாசகர் கேள்வி – பதில்

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000 எம்ஏஎச். நான்கு முறை ஏற வேண்டாமா? மூன்றாவது முறையே முழுசாக ஏறுவதில்லை. ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இல்லை. உங்கள் பவர் பேங்க் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்களின் கணக்கு. அந்தச் செல்கள் 3.7 வோல்ட். வெளியே போனுக்குத் தர வேண்டியது 5 வோல்ட் அல்லது அதற்கும் மேல். 3.7-ஐ 5 ஆக உயர்த்தும்போதே எம்ஏஎச் எண்ணிக்கை குறைந்துவிடும். அதனால் எம்ஏஎச்-ஐ (மில்லி ஆம்பியர்-மணி) விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மொத்த மின்சக்தியைச் சொல்லும் வாட்-மணியில் கணக்குப் போடுங்கள். 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட்டில் 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். மிச்சம் 64 வாட்-மணி வாக்கில். உங்கள் போன் பேட்டரி 19 வாட்-மணி பிடிக்கும். ஏறும்போது போனுக்குள்ளும் கொஞ்சம் வீணாவதால் ஒரு முறை நிரப்ப 22 வாட்-மணி தேவை. 64-ஐ 22-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் அனுபவமும் அதேதான். சார்ஜ் ஏறும்போதே வீடியோ பார்த்தால் இரண்டரைக்கு இறங்கிவிடும்.

அடுத்த முறை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இருப்பதைப் பாருங்கள். 5 வோல்ட்டில் 12,000 எம்ஏஎச் என்பது போல ஓர் எண் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த எண்தான். அது அச்சாகவே இல்லையென்றால் வாங்காதீர்கள். எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். 74 வாட்-மணி செல்களே கிட்டத்தட்ட 300 கிராம் வரும். மேலுறை, சர்க்யூட் தனி. 200 கிராம்கூட இல்லாத ஒன்றை 20,000 என்று விற்றால் அது பொய். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண், 'ஆர்' எழுத்தும் எட்டு இலக்கமுமாக, பவர் பேங்க்கின் உடலிலேயே அச்சாகியிருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணை அடித்தால் தயாரிப்பாளர் யாரென்று வரும். பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. வயிறு உப்பிய பவர் பேங்க்கை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்துவது இரண்டும் தீயில் முடியும். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்தி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ரோட்டுக்கடை பிரைடு ரைஸ் மாதிரி வீட்டில் வரவே மாட்டேன் என்கிறது. அதே சாஸ், அதே அரிசி. குழைந்து, புளித்த சாதம் போல ஆகிறது. ரகசியம் அஜினமோட்டோவா?
– இல்லத்தரசி, ஈரோடு

நெருப்புதான். வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் விடுகிறது. தள்ளுவண்டி அடுப்பு 'உஸ்ஸ்' என்று இரைவது ஹை பிரஷர் ரெகுலேட்டரால். அதன் தீ வீட்டு பர்னரைப் போலப் பல மடங்கு. வாணலியில் விழும் ஈரம் விழுந்த கணமே ஆவியாகிறது. வீட்டில் அந்த ஈரம் வாணலியிலேயே தங்கி, வறுபட வேண்டிய சாதம் வேகத் தொடங்கிவிடுகிறது. அதற்காக ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டிவிடாதீர்கள். அந்த டியூபும் வால்வும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல.

தீயைக் கூட்ட முடியாதபோது ஈரத்தைக் குறைப்பதுதான் வழி. 200 கிராம் பாசுமதி அரிசியை 20 நிமிடம் ஊறவையுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு அரிசியைப் போடுங்கள். குக்கர் வேண்டாம். ஆறாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்து விரல் நடுவில் நசுக்கிப் பாருங்கள். வெளியே மெத்தென்றும் நடுவில் வெள்ளைப் புள்ளியாகச் சிறு கடினமும் இருக்கும் நேரத்தில் வடித்துவிட வேண்டும். அந்தப் புள்ளி மறையும்வரை காத்திருந்தால் வாணலியில் குழைந்தே தீரும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம். பிறகு மூடாமல் பிரிட்ஜில் இரண்டு மணி நேரம். பருக்கையின் மேல்தோல் காய்ந்து, கையில் எடுத்தால் உதிரியாக விழ வேண்டும்.

இரும்பு வாணலியை வெறுமனே காயவிடுங்கள். லேசாகப் புகை எழுந்ததும் ரீபைண்டு எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். முட்டை போடுவதானால் முதலில் அதை உடைத்துக் கிளறி வெளியே எடுத்துவிடுங்கள். மறுபடி எண்ணெய், பொடியாக அரிந்த பூண்டு இஞ்சி – பத்து விநாடி. கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் சேர்த்து அரை கப் – ஒரு நிமிடம். காய் கடிபட வேண்டும். அப்புறம் சாதம், ஒருவர் சாப்பிடும் அளவு மட்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நான்கு பேர் சாதத்தை ஒன்றாகக் கொட்டினால் வாணலி ஆறிவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் பயனில்லை. கடை மாஸ்டர்கூட அவ்வளவு தீயை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிளேட்டுக்கு மேல் ஒரே ஈட்டில் போடுவதில்லை. சாதத்தைப் பரப்பி, அரை நிமிடம் கிளறாமல் விட்டு, பிறகு புரட்டுங்கள். உப்பு கால் டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன். சோயா சாஸ் அரை டீஸ்பூனை சாதத்தின் மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் விட்டால், அது 'சுர்'ரென்று கருகும் வாசனைதான் நீங்கள் கடையில் நுகர்வது. வெங்காயத்தாளைத் தூவி இறக்குங்கள்.

அஜினமோட்டோ சுவையைத் தூக்கிக் கொடுக்கும், உதிரியாக்காது. போடுவதானால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சோடியம் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் காலி இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்காக ஒரு பாஸ்கெட்பால் ரிங் நட நினைக்கிறோம். வெல்டிங் பட்டறையில் 'பத்து அடி உயரம்தானே' என்கிறார்கள். அது போதுமா?
– குடியிருப்போர் சங்கம், மதுரை

பத்தடி என்பது சரி. துல்லியமாக 3.05 மீட்டர். ஆனால் எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. மண் தரையில் கம்பத்தை நட்டு, ரிங்கை 3.05-இல் வெல்டு வைத்துவிட்டு, பிறகு காங்கிரீட் போடுவார்கள். ஏழு சென்டிமீட்டர் தளம் ஏறினால் ரிங் 2.98-க்கு வந்துவிடும். அந்த ரிங்கில் பழகிய பையன் போட்டி மைதானத்துக்குப் போனால் ஷாட் எல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் இடிக்கும். தளத்தை முதலில் போடுங்கள்; ரிங்கைக் கடைசியில் மாட்டுங்கள். வெல்டிங்குக்குப் பதில் போல்ட் வைத்தால் பின்னால் சரிசெய்யவும் முடியும். அளவு ரிங்கின் மேல்விளிம்புக்கு.

பட்டறையில் எழுதிக் கொடுக்க வேண்டிய அளவுகள்: ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டர். போர்டின் முகத்துக்கும் ரிங்கின் உள்விளிம்புக்கும் நடுவே 15 சென்டிமீட்டர். போர்டில் வரையும் கட்டம் 59-க்கு 45 சென்டிமீட்டர், கோடு 5 சென்டிமீட்டர் தடிமன், கீழ்க்கோட்டின் மேல்விளிம்பு ரிங்குக்கு நேர். லே-அப் (ஓடிவந்து எழும்பி, பந்தைப் போர்டில் தட்டி ரிங்குக்குள் போடுவது) செய்யும் பிள்ளை குறிவைப்பது இந்தக் கட்டத்தின் மூலையைத்தான். அதனால் 'கண் பார்வைக்கு' வரைந்துவிட வேண்டாம்.

ரிங்கை போர்டின் பலகையில் மட்டும் முடுக்கிவிடுவது அடுத்த தவறு. யாராவது தொங்கினால் பலகை பிளந்துவிடும். ரிங்கின் பிளேட் பலகையைத் தாண்டி, பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் போல்ட் ஆக வேண்டும். பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போதும். முகத்துக்கு அடிக்கும் பெயின்டை நான்கு ஓரத்துக்கும் அடியுங்கள். மழை நுழைவது ஓரம் வழியாகத்தான். ஓரம் ஊதினால் அந்த இடத்தில் பந்து செத்து விழும்.

கம்பம் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். முறையான மைதானத்தில் போர்டு கோட்டுக்குள் 1.20 மீட்டர் நீட்டியிருக்கும், கம்பம் கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் தள்ளியிருக்கும். கம்பத்திலிருந்து போர்டைத் தாங்கும் இரும்புக் கையை அவ்வளவு நீளமாக வைக்க வசதியில்லையென்றால் வெளியே ஒரு மீட்டராவது தள்ளுங்கள், 2.15 மீட்டர் உயரம் வரை கம்பத்தில் தடித்த ஃபோம் சுற்றி ரெக்சின் தைத்துவிடுங்கள். ஓடிவந்து நிற்க முடியாத பிள்ளை மோதுவது அங்கேதான். இந்த ஒரு செலவில் மட்டும் கை இழுக்க வேண்டாம். அஸ்திவார ஆழத்தை உங்கள் மண்ணைப் பார்த்து ஒரு சிவில் இன்ஜினியர் சொல்லட்டும். கையின் நீளம் கூடக்கூட கம்பம் முன்னால் சாயப் பார்க்கும்.

முழு மைதானம் 28-க்கு 15 மீட்டர். நீளவாக்கு வடக்கு-தெற்காக அமையட்டும். கிழக்கு-மேற்காகப் போட்டால் சாயங்கால ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சூரியன் கண்ணில் அடிக்கும். ப்ரீ த்ரோ (எதிரணியின் பவுலுக்காக, யாரும் தடுக்காமல் எறிவது) கோடு போர்டின் முகத்திலிருந்து 4.60 மீட்டர். மூன்று பாயிண்ட் வளைவு ரிங்கின் மையத்துக்கு நேர் கீழே தரையில் ஆணி அடித்து, 6.75 மீட்டர் கயிறு கட்டி வரைவது. பக்கவாட்டில் பக்கக்கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடாக வரும். தளம் ஒரு பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்தால் மழைநீர் தேங்காது. மேற்பரப்பைக் கண்ணாடி போல இழைக்காதீர்கள். ஈரம் பட்டால் வழுக்கும். விளக்குமாற்றால் இழுத்த சொரசொரப்பு வேண்டும்.

12 வயதுக்குள் உள்ளவர்களே அதிகமென்றால் 2.60 மீட்டரில் இன்னொரு சின்ன ரிங். உயர ரிங்குக்குப் பந்தை எட்டவைக்க அவர்கள் இடுப்பிலிருந்து இரு கையாலும் எறிந்து பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

பழைய போன் வாங்கலாமா? திருட்டு போனா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், தருமபுரி

போனில் *#06# அடித்தால், அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் – இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பது போலப் பதில் வந்தால் அந்த போனைத் தொடவேண்டாம். இரண்டு சிம் போனில் இரண்டு எண்ணையும் பாருங்கள். பில்லில் அதே எண்ணை எழுதி வாங்குங்கள்.

ராத்திரி வாங்கிய சிக்கன் ரைஸ் மிஞ்சிவிட்டது. காலையில் நன்றாகச் சூடு பண்ணி பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

இரவு முழுக்க மேசையில் இருந்ததென்றால் கூடாது. சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்பதுதான் இதில் ஆபத்தான நம்பிக்கை. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் ஒரு நச்சைக் கக்கும். பாக்டீரியாவைச் சூடு கொல்லும். அந்த நச்சை அடுப்புச் சூடு ஒன்றும் செய்யாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். அப்போது பிள்ளை வகுப்பறையில் இருக்கும்.

கடையில் அந்தச் சாதம் மாலையே வடித்து வைத்ததாக இருக்கலாம். அந்த நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட உட்காரும் முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து, ஆழம் குறைந்த பாத்திரத்தில் பரப்பி, பிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழ் வைத்துவிடுங்கள். வாங்கி வந்த பொட்டலத்தை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். மறுநாள் ஒரே முறை, ஆவி பறக்கச் சூடாக்கி உடனே சாப்பிடுவது சரி. டிபன் பாக்ஸில் மூடி நான்கு மணி நேரம் வைப்பது மறுபடி அதே வெதுவெதுப்புதான்.

பழைய சோற்றை மட்டும் சாப்பிடுகிறோமே என்று கேட்கலாம். அது தண்ணீரில் மூழ்கிப் புளிக்கிறது. புளிப்பேறும்போது அமிலம் கூடி, மற்ற கிருமிகளுக்கு இடம் குறைகிறது. எண்ணெயும் கோழியும் முட்டையும் கலந்த உலர்ந்த சாதத்தில் அந்தக் காவல் கிடையாது.

ஏர் பிரையர் வாங்கி ஒரு மாதம். பிளக்கைப் பிடுங்கும்போது கை சுடுகிறது. லேசாகப் பிளாஸ்டிக் வாசனை. மெஷின் கோளாறா?
– வாசகி, வேலூர்

மெஷினை விட்டுவிட்டு சுவரைப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எண்ணிக்கை இருக்கும். 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஐந்து பின் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட், எலக்ட்ரீஷியன்கள் 'பவர் பிளக்' என்பார்களே, அதில்தான் இதை மாட்ட வேண்டும். நடுவில் கன்வர்ஷன் பிளக் வைத்து 6 ஆம்பியர் பாயிண்டில் செருகியிருந்தால் வாசனைக்குக் காரணம் அதுதான்.

தளர்ந்த தொடுமுனையில் ஓம் கணக்கில் 0.2 தடை இருந்தால்கூட, 6.5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் எட்டு வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். ஒரு சின்ன எல்இடி பல்பின் மொத்த வாட்டும் ஒரு பித்தளை நாக்கின் நுனியில் எரிவதற்குச் சமம். பித்தளை சுட்டால் அதன் ஸ்பிரிங் பலம் போய் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சுடும். பிளக்கின் பின்னில் கறுப்போ நீலமோ படிந்திருந்தால் அந்தச் சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. புதிய பாயிண்ட் போடும்போது 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எர்த்துடன், மெயின் பெட்டியிலிருந்து தனியாக வரவேண்டும் என்று சொல்லுங்கள். பழைய மெல்லிய ஒயரிலேயே பெரிய சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். அப்போது சூடு சுவருக்குள் போய்விடும், உங்கள் கைக்குத் தெரியாது.

மின்கட்டணக் கவலை வேண்டாம். 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட்.

பாஸ்கெட்பால் பந்து வாங்கிய மூன்றே மாதத்தில் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. எந்தப் பந்து வாங்குவது?
– பள்ளி உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்

தோல் பந்து மரத்தளத்துக்கானது. சிமென்ட் அதை அரம் போல ராவிவிடும். உங்கள் மைதானத்துக்கு ரப்பர் பந்துதான். ஆண்களுக்கு 7-ஆம் எண்: சுற்றளவு 75 முதல் 77 சென்டிமீட்டர், எடை 600 கிராம் வாக்கில். பெண்களுக்கு 6-ஆம் எண். சின்ன வகுப்புகளுக்கு 5.

முட்டை வடிவம் வருவது உள்ளே சுற்றியிருக்கும் நைலான் நூல் ஓரிடத்தில் அறுவதால். பெரும்பாலும் காரணம் அதிகக் காற்று. வால்வுக்குப் பக்கத்தில் 7 முதல் 9 பவுண்டு என்பது போல அச்சடித்திருக்கும். சைக்கிள் கடை கம்ப்ரஸரில் பிடித்தால் அந்த அளவை ஒரு விநாடியில் தாண்டிவிடும். கைப்பம்பால் அடியுங்கள். அளவுமானி இல்லையென்றால் பந்தின் அடிப்பாகம் 1.80 மீட்டரில் இருக்கும்படி பிடித்து விட்டுவிடுங்கள். எகிறும்போது பந்தின் உச்சி 1.20-க்கும் 1.40-க்கும் நடுவே நிற்க வேண்டும். சுவரில் இரண்டு கோடு போட்டு வைத்தால் மாணவர்களே சோதித்துக்கொள்வார்கள். ஊசியை ஈரமாக்காமல் செருகினால் வால்வு கிழியும். அதில் போன காற்றுக்கு மருந்தில்லை. மதிய வெயிலில் பந்துகளை வலைப்பையோடு மைதானத்தில் விட்டுவிடுவதும் நூலை அறுக்கும். பந்துகளை எறிந்து விளையாடலாம், உதைக்கவும் மேலே உட்காரவும் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாஸ்கெட்பாலில் ஓடிவந்து பந்தைப் பிடித்து மூன்று எட்டு வைத்து லே-அப் போடுகிறார்கள். கூடுதல் எட்டு வைத்ததாக 'ஸ்டெப்ஸ்' என்று கத்தினால் 'ஜீரோ ஸ்டெப்' என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா?
– கோவையிலிருந்து ஒருவர்

உண்டு. சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபா 2017 அக்டோபரிலிருந்து விதியில் அதைத் தெளிவாக்கியது. ஓட்டத்தில் இருப்பவர் பந்தைப் பிடிக்கும் கணத்தில், அல்லது டிரிப்ளிங்கை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) முடித்துப் பந்தைக் கையில் அடக்கும் கணத்தில், தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அடுத்து ஊன்றுவது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. மூன்றாவது ஊன்றுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் இது செல்லாது. நின்ற இடத்தில் பந்து வாங்கியவருக்கு ஜீரோ கிடையாது; அவர் ஒரு காலைப் பிவட்டாக, அதாவது இடம் நகர்த்தாத காலாக, ஊன்றியே ஆகவேண்டும். ஓட்டத்தில் பிடித்துவிட்டு டிரிப்ளிங் தொடங்க நினைப்பவர் இரண்டாவது எட்டு வைக்குமுன் பந்தைத் தரைக்கு விட்டிருக்க வேண்டும். உள்ளூர் ஆட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான். காலைப் பார்த்து மட்டும் எண்ணாதீர்கள். பந்து எப்போது ஒரு கையிலோ இரு கையிலோ அடங்கியது என்பதை முதலில் பாருங்கள். எண்ணிக்கை அங்கிருந்துதான் ஆரம்பம்.

சார்ஜர் 'பாஸ்ட்'. போன் 'பாஸ்ட்'. ஆனால் இரண்டு மீட்டர் ஒயர் போட்டால் ஆமை வேகம். ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

ஒயருக்குள் செம்பு மெல்லியதாக இருக்கிறது. ஒயரின் மேல் 28 அல்லது 24 என்று 'ஏடபிள்யூஜி' எண் அச்சாகியிருக்கும். எண் குறையக் குறையச் செம்பு தடிமன். 28 எண் ஒயரில் இரண்டு மீட்டர் போய் இரண்டு மீட்டர் திரும்பும்போது, 2 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட்டில் போனுக்கு மிஞ்சுவது 3.3. போன் அதை உணர்ந்து தானே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 எண் ஒயரில் அந்த இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கும். ஒரு மீட்டர் ஒயர் வாங்கினால் இழப்பு பாதி. டைப்-சி இரு முனை ஒயரில் 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் சிப் அதற்குள் இருக்க வேண்டும். '100 வாட்' அல்லது '240 வாட்' என்று குறித்திருப்பதை வாங்குங்கள்.

மயோனைஸ் தடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டால் கடையில் 'இது முட்டை இல்லாதது' என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு என்று தடை விதித்தது பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு. சால்மொனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். தடை இருக்கிறதா என்பதைவிட, கிண்ணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முட்டை இல்லாததாகவே இருந்தாலும், அடுப்பின் பக்கத்தில் திறந்த டப்பாவில், சிக்கனைத் தொட்ட அதே கரண்டி கிடந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீல் பிரித்த பாக்கெட், பிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் சரி.

ஊர் இளைஞர்கள் சேர்ந்து 3×3 பாஸ்கெட்பால் போட்டி நடத்தப் போகிறோம். ஒரே ரிங், ஒரே நாள், 16 அணி. விதிகளும் நேரக்கணக்கும் சொல்லுங்கள்.
– இளைஞர் மன்றம், திண்டுக்கல் மாவட்டம்

நேரத்திலிருந்து தொடங்குவோம். ஆட்டம் 10 நிமிடம். கடிகாரம் நிற்பது, அணி மாறுவது எல்லாம் சேர்த்து ஒரு போட்டிக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். நேரடி நாக்-அவுட் என்றால் 15 போட்டி, ஐந்து மணி நேரம். நான்கு நான்காகக் குழு பிரித்து லீக் வைத்தால் குழு ஆட்டமே 24, கால் இறுதியிலிருந்து இன்னும் 7. மொத்தம் 31 ஆட்டம், பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரே ரிங்கில் விளக்கு இல்லாமல் முடியாது. மூன்று மூன்று அணியாக நான்கு குழு வைத்து 12 அணியோடு நிறுத்திக்கொண்டால், குழுவில் முதலிடம் பெறுபவர் நேரே அரையிறுதி: 12-ம் 3-ம் சேர்த்து 15 ஆட்டம். தோற்ற அணியும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும். எங்கள் பரிந்துரை இதுதான். தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்த பையன்களைப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

மைதானம் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். அணிக்கு மூன்று பேர், ஒரு மாற்று ஆட்டக்காரர். 21 புள்ளியை முதலில் எட்டியவர் அல்லது 10 நிமிட முடிவில் முன்னிலையில் இருப்பவர் வெற்றி. சமன் என்றால் கூடுதல் நேரத்தில் முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர். 6.75 மீட்டர் வளைவுக்குள்ளிருந்து போட்டால் ஒரு புள்ளி, வெளியிலிருந்து இரண்டு. ஷாட் நேரம் 12 விநாடி. பந்து 6-ஆம் எண் அளவு, 7-ஆம் எண் எடை. ஆண் பெண் இருவருக்கும் அதேதான்.

பந்து விழுந்ததும் வளைவுக்கு வெளியே போய் 'செக்' பண்ணும் (பந்தை எதிராளியிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி ஆரம்பிக்கும்) தெரு வழக்கம் இங்கே கிடையாது. கூடை விழுந்தால் எதிரணி ரிங்குக்குக் கீழேயே பந்தை எடுத்து, விசிலுக்குக் காத்திராமல் உடனே டிரிப்பிளோ பாஸோ செய்து வளைவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே, கோட்டையும் மிதிக்காமல். தடுத்துப் பறித்த பந்துக்கும் இதே விதி. அணியின் ஏழாவது பவுலிலிருந்து இரண்டு ப்ரீ த்ரோ. பத்தாவதிலிருந்து இரண்டு ப்ரீ த்ரோவோடு பந்தும் எதிரணிக்கே. அதனால் ஸ்கோர் மேசையில் பவுல் எண்ணிக்கைக்கென்றே ஓர் ஆளை உட்கார வையுங்கள். புள்ளி எழுதுபவரே பவுலையும் எழுதினால் ஏழா எட்டா என்பதில் போட்டி நின்றுவிடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பாஸ்கெட்பால் மேட்ச். அதற்கு முன் பரோட்டா சாப்பிட்டால் தெம்பா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், தேனி

மேட்ச் முடிந்த பிறகு சாப்பிடுங்கள். மைதாவும் எண்ணெயும் சால்னாவும் வயிற்றிலிருந்து இறங்க நேரம் எடுக்கும். இரண்டாவது குவார்ட்டரில் ஓடும்போது எதுக்களிக்கும். மூன்று மணிக்குள் சோறு, பருப்பு, முட்டை என்று அளவாக முடித்துவிடுங்கள். ஐந்து மணிக்கு ஒன்றிரண்டு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி. நான்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். ஆட்டத்தில் ஒவ்வொரு இடைவேளையிலும் 150 மில்லியாவது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. மயக்கம் வருமளவு வியர்த்தால் மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதில் எழுதியிருப்பது போல முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பும் சர்க்கரையும் அதிகமாகி வயிறு கலங்கும்.

ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஆடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பயிற்சியில் ஓட்டத்துக்குக் கட்டலாம், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாக. ஆட்டத்தில் கழற்றிவிடுங்கள். அடுத்தவரைக் காயப்படுத்தக்கூடிய கடினமான பொருள் எதையும் ஃபிபா விதி அனுமதிப்பதில்லை. ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, அதாவது ரிபவுண்டுக்கு, கை நீட்டும்போது அது யாருடைய நெற்றியில் படும் என்று சொல்ல முடியாது.

டிவியில் அமெரிக்க ஆட்டம்தான் வருகிறது. நம் ஊரில் நல்ல பாஸ்கெட்பால் எங்கே பார்ப்பது?
– வாசகர், கம்பம்

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, வழக்கமாக மே மாதத்தில். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை ஆண்களுக்கு நடக்கும். வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள் இந்தப் போட்டிகளுக்கு வரும். முதலமைச்சர் கோப்பையிலும் கூடைப்பந்து உண்டு. மாவட்ட அளவில் நேரில் பார்க்கலாம்.

இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் பழைய உறவு. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உண்டாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021-க்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பெரியகுளம் போனால் பக்கவாட்டு கேலரியில் உட்காராமல் ரிங்குக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இடம் பிடியுங்கள். பந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பந்தில்லாத நான்கு பேரை மட்டும் பாருங்கள். ஒருவர் சுவர் போல நின்று தடுப்பதும், இன்னொருவர் அவர் தோளை உரசிக்கொண்டு மூலைக்கு வெட்டி ஓடுவதும், பாஸ் அங்கே போய்ச் சேருவதும் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.